நம் தெருவுக்கு மதிப்பெண் போதவில்லை

என் கண்ணான மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், இப்போதைக்கு எனக்கு அந்த நினைப்புதான் தெம்பு. இங்கே நாங்களும் சுகம். உடம்பைக் கேட்டால் சுகம், மனசைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை நான் பார்க்கும்போது மட்டும் செய்கிறாள், நான் கீழே சலூனுக்கு இறங்கியதும் காலை நீட்டி டிவி பார்க்கிறாள். போனில் நான் லீவுக்கு வர வேண்டாம்மா என்று சொன்னதும் நீ ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், அப்பாவுக்கு நாங்கள் பாரமாகிவிட்டோமா என்று கேட்டாயாம். அதைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு நாற்காலியில் ஒருவர் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாசலில் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது, நான் என்ன சொல்ல வந்தேனோ அதைச் சொல்ல முடியவில்லை. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதை முழுக்கப் படி.

நீ போன முறை வந்தபோது பார்த்த தெரு இப்போது இல்லை. ஆற்றுப் பாலத்தின் தூணில் விரிசல் விழுந்துவிட்டது என்று பாலத்தை மூடிவிட்டார்கள், ஊர்க்கோடியைச் சுற்றிக்கொண்டு போ என்று பலகை வைத்தார்கள், யார் சுற்றப் போகிறார்கள்? போனில் வழி காட்டுகிற பெண் எல்லோரையும் நம் தெருவுக்குள் அனுப்பிவிடுகிறாள். கார், வேன், சிமெண்ட் லாரி, பள்ளிக்கூட பஸ் எல்லாம் நம் வாசல் வழியாகத்தான். மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, முன்னால் கொஞ்சம் இடம் காலியாகத் தெரிந்தால் போதும், யாரோ துரத்துகிற மாதிரி பறக்கிறார்கள். நம் வீட்டைத்தான் உனக்குத் தெரியுமே, கதவைத் திறந்தால் ஒரு படி, படியை விட்டால் ரோடு. நடுவில் நிற்க ஒரு சாண் இடம் கிடையாது. சலூனில் நான் எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று வேலை பார்ப்பவன், தெரு எனக்குப் பெரிய கண்ணாடியில்தான் தெரியும். வாடிக்கையாளரின் தலைக்கு மேலே, வலதும் இடதும் மாறி, நாள் முழுக்க வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கண்ணை எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. குட்டிக்கு இப்போது கால் முளைத்துவிட்டது, கதவு திறந்திருந்தால் ஓடுகிறான் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நீ சிரித்தாய், நான் நம் வாசல் படியைத் திரும்பிப் பார்த்தேன்.

முதல் பயம் அம்மாவால் வந்தது. ஒருநாள் காலையில் எதிர்ப்பக்கத்துக் கடையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். நான் ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவள் பாதி ரோட்டில் நிற்பது தெரிந்தது, அடுத்த நொடி அவள் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வேன் தெரிந்தது. நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது, கையில் கத்திரி இருந்தது, பின்னாலேயே பாதி மீசையோடு அந்த மனிதரும் ஓடி வந்தார். வேன் நிற்கவே இல்லை. அம்மா ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தாள், பை கிழிந்து பழமெல்லாம் நசுங்கிக் கிடந்தது. "பையிலதாங்க அடிச்சுது, எனக்கு ஒண்ணும் இல்ல, முதல்ல அவருக்கு மீசைய முடிங்க, பாவம்" என்றாள். அப்படிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் படியிறங்கினாலே நான் வேலையை விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன், "என்னைப் பயந்து பயந்தே சாகடிச்சிடுவீங்க போல, வண்டி எதுக்கு, நீங்களே போதும்" என்று திட்டு வாங்குகிறேன்.

நகராட்சியில் வேலை பார்க்கும் இன்ஜினியர் தம்பி ஒருவர் நம்மிடம்தான் முடி வெட்டிக்கொள்வார். நல்ல பையன், முன் வழுக்கை விழுந்துகொண்டிருக்கிறது, அந்தப் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. ரோடுகளில் வண்டிகளின் வேகத்தைக் குறைக்கிற வேலை அவருடைய பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்ததும் துணியைக் கட்டிக்கொண்டே பிடித்துக்கொண்டேன். எங்கள் தெருவுக்கு எப்போது வேகத்தடை போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. இந்த வருஷத்து வேலை நம் வட்டாரத்தில் ஒரு தெருவுக்குத்தான் வரும், எந்தத் தெரு என்று பார்க்க மதிப்பெண் போடுகிறார்கள் என்றார். விபத்தில் உயிர் போயிருந்தால் நிறைய மதிப்பெண், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் அதைவிடக் குறைவு, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தால் தனி, வண்டியின் வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் தனி. அப்படிப் பார்த்தால் நம் தெருவும் மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருவும்தான் கடைசியில் போட்டியாம். "உங்க தெருவுல வண்டியும் வேகமும் ரொம்ப அதிகம் ஐயா, ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "சாகலைன்னு சொல்லுங்க தம்பி, பரவால்ல" என்றேன். மயிரிழையில் தப்பியதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டேன், அதற்குக் கணக்கே கிடையாதாம், ஏனென்றால் அது எங்கேயும் பதிவாவதில்லையாம். மயிரிழை என்றால் எவ்வளவு என்று என்னிடம் கேட்கச் சொல், ஆயுள் முழுக்க அதைத்தானே வெட்டிக்கொண்டிருக்கிறேன். அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார், முடிவெடுக்கும் முன் பொதுமக்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்துவார்கள், நாலு பேரோடு வந்து பேசுங்கள், மதிப்பெண் நெருக்கமாக இருக்கும்போது அதற்கும் எடை உண்டு என்றார்.

நான் சும்மா இருப்பேனா? வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் பேசினேன், தலையைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசினால் யார் மாட்டேன் என்பார்கள். பெயிண்ட் கடைக்காரர்தான் எனக்கு வலது கை. நீ சின்ன வயதில் வார்னிஷ் மாமா என்று பெயர் வைத்தாயே, அவரேதான், இன்றைக்கும் அந்தப் பெயர்தான் அவருக்கு. அவர் தெரு முழுக்கச் சுற்றி ஆள் சேர்த்தார். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல், மில் பின்தெருவில் அப்படி என்ன பெரிய ஆபத்து, போய்ப் பார்த்து வந்தால் கூட்டத்தில் எதிர்த்துப் பேச வசதியாக இருக்குமே என்று. ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் சலூனைச் சாத்திவிட்டுப் போனேன்.

ஒரு பக்கம் மில்லின் உயரமான சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை, நடுவில் ரோடு வளைகிறது. வளைவுக்கு அப்பால் வருவது இப்பால் நிற்கிறவனுக்குத் தெரியாது. அந்த வளைவிலேதான் பள்ளிக்கூடத்தின் கேட். நடைபாதை என்று ஒன்று கிடையாது, பிள்ளைகள் சுவரை உரசிக்கொண்டு வரிசையாக வருகிறார்கள். அங்கே ஒரு அம்மா கையில் சிவப்புத் துண்டோடு நின்றார், மில் கேன்டீனில் வேலை பார்க்கிறவராம், மாவு அப்பிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தினமும் வந்து துண்டை ஆட்டி லாரிகளை நிறுத்துகிறார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவருடைய பெண்ணை அந்த வளைவில்தான் லாரி தட்டியிருக்கிறது, பிழைத்துவிட்டாள், ஆனால் ஊன்றுகோலில்தான் நடக்கிறாள். அதற்கு முன்பு இன்னொரு வீட்டுப் பிள்ளை பிழைக்கவில்லை. இதையெல்லாம் அவர் என்னிடம் அழுது சொல்லவில்லை, வளைவுப் பக்கமே பார்த்துக்கொண்டு, கடையில் விலை சொல்வதுபோலச் சொன்னார். உங்கள் பேரப்பிள்ளை இங்கே படிக்கிறதா என்று கேட்டார். இல்லம்மா, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "சும்மாதானே நிக்கிறீங்க, அப்போ அந்தப் பக்கம் போய் நின்னு கையைக் காட்டுங்க, எனக்கு ரெண்டு பக்கமும் பார்க்க முடியல" என்றார்.

அம்மாடி, நான் போய் நின்றேன். எதற்கு நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் ரோட்டில் இறங்கிவிட்டார்கள், வளைவுக்குப் பின்னால் லாரியின் சத்தம் மட்டும் கேட்கிறது, வண்டி தெரியவில்லை. சத்தம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. நான் ரோட்டு நடுவில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், ஓடிவிடு ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொல்கிறது, பின்னால் பிள்ளைகள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். லாரி வந்தது. முகப்பில் ஒட்டியிருந்த பூச்சியெல்லாம் தெரிகிற தூரத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏன்யா பெருசு, சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா" என்று கத்தினான். அந்த அம்மா வந்து என் கையைக் கீழே இறக்கிவிட்டார், அதுவரை நான் நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள், அதற்கும் திட்டு இருக்கிறது.

கூட்டம் நகராட்சிக் கூடத்தில் நடந்தது. நம் தெருக்காரர்கள் முன் வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தோம், வார்னிஷ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மில் பக்கத்திலிருந்து அந்தக் கேன்டீன் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும்தான், ஷிப்டு நேரம், மற்றவர்கள் வர முடியவில்லை. அந்த அம்மா மைக்கைப் பிடித்ததும் பேச்சு வராமல், எங்க தெரு ரொம்ப மோசங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்தது என்னைக் கூப்பிட்டார்கள். வேன், பை, நசுங்கிய பழம் எல்லாம் சொல்லத் தயாராகத்தான் போனேன். மேடைக்குப் போனதும் எனக்கு அந்த லாரிச் சத்தம்தான் காதில் கேட்டது. "நான் எங்க தெருவுக்குக் கேட்கத்தான் வந்தேன். ஆனா அங்க போய் நின்னு பார்த்துட்டேன். முதல்ல அங்க போடுங்க. எங்களுக்கு அடுத்த வருஷம் போடுறோம்னு இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வெளியே வந்ததும் வார்னிஷ் என் சட்டையைப் பிடிக்காத குறை. "முடி வெட்டுற கத்தியால எங்க கழுத்தையே அறுத்துட்டியேப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் நம் சலூனுக்கு வருவதை நிறுத்திவிட்டார், கடைவீதிக்குப் போய் வெட்டிக்கொண்டார், அங்கே ஒரு காதுப் பக்கம் ஏற்றி வெட்டிவிட்டார்கள், தெருவில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை துறுதுறுக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பேசினது சரிதான். இப்போ குட்டிய எப்படி உள்ள கூட்டிட்டு வர்றதுன்னு சொல்லுங்க" என்றாள்.

மில் பின்தெருவில் சீக்கிரமே வேலை நடந்தது. வளைவைக் குறுக்கி, ஓரத்தில் கல் கட்டி, பள்ளிக்கூடக் கேட்டுக்கு எதிரே ரோட்டையே மேடாக உயர்த்திவிட்டார்கள், லாரிக்காரன் மெதுவாக ஏறி இறங்கித்தான் போக வேண்டும். நம் தெருவுக்கு, மெதுவாகச் செல்லவும் என்று ஒரு பலகையும் வெள்ளைக் கோடும் கிடைத்தது. பாலம் சீக்கிரம் திறந்துவிடும் என்றார்கள், அதை நம்பித்தான் நீ டிக்கெட் பார்க்கிறேன் என்று சொன்னபோது வாம்மா வாம்மா என்றேன். பாலம் திறக்கவில்லை. போன புதன்கிழமை, நான் கடை திறந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வார்னிஷ் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்க நீல பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். கார் அடித்த சத்தம் பெரிதாகக்கூடக் கேட்கவில்லை, டப்பா விழுந்த சத்தம்தான் கேட்டது. ரோடெல்லாம் நீலம். அவர் மேலும் நீலம். சிவப்பு தெரியாததால் முதலில் யாருக்கும் உறைக்கவில்லை, பெயிண்ட் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். நான் போய்த் தூக்கியபோதுதான் கால் தப்பான பக்கம் திரும்பியிருந்தது தெரிந்தது. அந்த நீலத்தின் மேலேயே பின்னால் வந்த வண்டிகள் ஒதுங்கிப் போயின, இப்போதும் தெருக்கோடி வரைக்கும் டயர்த்தடம் நீலமாக இருக்கிறது. நம் வாசல் படிக்கு எவ்வளவு பக்கத்தில் வண்டி வருகிறது என்று அதைப் பார்த்தால் தெரியும், அம்மாடி, படியை உரசிக்கொண்டு போகிறது ஒரு தடம். அன்று சாயங்காலம்தான் நீ போன் செய்தாய்.

அவருக்கு உயிருக்கு ஆபத்தில்லை. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள், பல மாதம் ஆகும் என்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்தேன், என்ன முகத்தோடு போவது? அவர் மனைவிதான் ஆள் அனுப்பினார், தாடி வளர்ந்து அரிக்கிறது என்று நர்சிடம் சண்டை போடுகிறார், வந்து எடுத்துவிடுங்கள் என்று. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சோப்பு நுரை போட்டுக்கொண்டிருக்கும்போது, கூரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நான் இப்போ கடையில இருப்பேன்" என்றார். இன்ஜினியர் தம்பியும் முந்தின நாள் தலையைக் குனிந்துகொண்டு வந்து அதையேதான் வேறு மாதிரி சொன்னார், அன்றைக்கு இரண்டு தெருவும் சமமாக இருந்தது, உங்கள் பேச்சுதான் ஒரு பக்கம் சாய்த்தது என்று. நான் ஒரு பக்கத்துத் தாடியை எடுத்து முடித்தேன். கத்தியைக் கழுவும்போது வார்னிஷ், அந்த ஸ்கூல் பக்கம் இப்போது எப்படி என்று கேட்டார். வண்டியெல்லாம் மெதுவாகப் போகிறது, அந்த அம்மா இப்போது துண்டு எடுத்து வருவதில்லை என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, "சீக்கிரம் எடு, டாக்டர் வந்துடுவாரு" என்றார். கிளம்பும்போது காதுப் பக்கம் ஏறியிருந்த முடியையும் சரி செய்துவிட்டு வந்தேன். இன்னொரு முறை அந்த மேடையில் ஏற்றினால் அதையே சொல்வேனா என்று நீ கேட்காதே. பகலில் கேட்டால் ஒன்று சொல்கிறேன், படுத்த பிறகு வேறொன்று தோன்றுகிறது.

இப்போது நம் தெருவுக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் முதல் வேலை இங்கேதான் என்று இன்ஜினியர் தம்பி உறுதியாகச் சொல்லிவிட்டார், ஆனால் உன் லீவு அதற்கு முன்னால் வருகிறது. அதனால்தான் வராதே என்றேன், வேறு ஒன்றும் இல்லை. நீ போனை வைத்த பிறகு அம்மா என்னோடு சண்டை போட்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். நீ வா. ஆனால் நம் வீட்டுக்கு வேண்டாம், நேராகச் சித்தி வீட்டுக்குப் போய்விடு. அவள் வீட்டுச் சந்தில் கார் நுழையாது, இப்படி ஒரு இடத்தில் வீடு கட்டியிருக்கிறாயே, பீரோவைத் தலையில் தூக்கிக்கொண்டா வருவது என்று சித்தப்பாவை அன்று எவ்வளவு கேலி செய்தோம், இப்போது அவரைப் பார்த்துக் கும்பிடலாம் போலிருக்கிறது. மாடி அறையைச் சித்தி ஒழித்துக் கொடுத்துவிட்டாள். நாங்களும் அங்கேயே வந்து தங்கிவிடுகிறோம், நீ இருக்கிற வரைக்கும் சலூன் சாத்தியிருக்கும், முடி எங்கே போகப் போகிறது, வளர்ந்துகொண்டு இருக்கட்டும். உன் பழைய அறையைப் பார்க்க வேண்டும் என்றால் குட்டியைச் சித்தியிடம் விட்டுவிட்டு நீ மட்டும் ஒரு நடை வா, நான் எதிரே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். எத்தனை வயதானாலும் கையைப் பிடித்துத்தான் கடக்க வைப்பேன், வெட்கப்படக் கூடாது.

அங்கேயும் ரோட்டில் கவனமாக இரு. விளக்கு பச்சையாகிவிட்டது என்று உடனே இறங்காதே, வண்டி நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு இறங்கு. மாப்பிள்ளையிடம் கார் ஓட்டும்போது போனைத் தொட வேண்டாம் என்று மாமா சொன்னதாகச் சொல், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும். டிக்கெட் எடுத்ததும் முதலில் எனக்குப் போன் செய், அம்மாவுக்கு இல்லை, எனக்கு.

இவ்வளவு எழுதிவிட்டு அம்மாவிடம் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். இத்தனை நாளும் என் பயத்தைக் கிண்டல் செய்தவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "குட்டிக்கு அந்த நடந்தா கீச் கீச்னு சத்தம் வருமே, அந்தச் செருப்பு வாங்கிப் போட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. எந்த ரூம்ல இருக்கான்னு எனக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும்." மறக்காமல் வாங்கி வா.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா